வேல்ஸ் கிராமத்தில் ஒரு ஜான் ஜோன்ஸ்: 1837-க்கு முந்தைய தலைமுறையை எப்படிப் பிடிப்பது?

கரிசல்காடு கேட்டது:

வணக்கம். மருமகள் பிறந்த வீட்டார் வேல்ஸ்காரர்கள். பேரப்பிள்ளைகளுக்காக அந்தப் பக்கத்து வம்சாவளியையும் எழுதி வைக்கலாம் என்று இறங்கினேன். ஐந்து தலைமுறை சுலபமாக வந்துவிட்டது. ஆறாவதில், அரசுப் பதிவு தொடங்கிய 1837-க்கு முன்னால், முட்டி நிற்கிறது.

கையில் இருப்பது இவ்வளவுதான். 1871 சென்சஸ், மெரியோனெத் மாவட்டம், அபெர்கினோல்வின் கிராமம்: ஜான் ஜோன்ஸ், வயது 48, ஸ்லேட் குவாரித் தொழிலாளி. மனைவி கேத்தரின், வயது 45. ஜான் பிறந்த இடம் "லான்விஹாங்கல்" என்று மட்டும் இருக்கிறது. 1849 திருமணச் சான்றில் மாப்பிள்ளையின் தகப்பனார் "வில்லியம் ஜோன்ஸ், கூலி". கல்யாணம் நடந்தது கோயிலில் இல்லை, ரிஜிஸ்டர் ஆபீஸில்.

அபெர்கினோல்வின் இருப்பது லான்விஹாங்கல் எ பென்னன்ட் பாரிஷில் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட பங்கு). அங்கே 1820 முதல் 1826 வரை ஞானஸ்நானப் பதிவில் "வில்லியம் ஜோன்ஸ் மகன் ஜான்" யாரும் இல்லை. பாரிஷ் பெயரை எடுத்துவிட்டுத் தேடினால் பக்கம் பக்கமாக ஜான் ஜோன்ஸ். பதிவேடு தொலைந்துவிட்டதா, நான் தேடும் முறை தப்பா?

---

ஏட்டுக்குருவி பதில்:

ஐயா, பெயரை ஓரமாக வையுங்க. முதலில் ஊரைச் சரிபார்க்கணும்.

லான் என்றால் கோயில் உள்ள இடம். மிஹாங்கல் என்றால் மிக்கேல். இரண்டும் சேரும்போது மகரம் வகரமாகத் திரியும், நம்ம புணர்ச்சி மாதிரியே. ஆக மிக்கேல் பெயரில் கோயில் கட்டிய ஊரெல்லாம் லான்விஹாங்கல்தான். வேல்ஸ் முழுக்க டஜன் கணக்கில் இருக்கு. மெரியோனெத்துக்குள்ளேயே ஹார்லெக் பக்கம் லான்விஹாங்கல் எ ட்ரைத்தாய் என்று இன்னொன்று. அதைவிடச் சிக்கல் என்னன்னா, லான்விஹாங்கல் எ பென்னன்ட் என்ற முழுப் பெயரிலேயே இரண்டு பாரிஷ் இருக்கு. ஒன்று நீங்க தேடினது, காடர் இட்ரிஸ் மலையடியில். 1800-ல் பைபிள் வாங்க பாலா என்ற ஊர் வரைக்கும் நடந்து போன மேரி ஜோன்ஸின் ஊர். மற்றது கார்னாவன் மாவட்டத்தில், டோல்பென்மைன் பக்கத்தில், கும் பென்னன்ட் என்ற பள்ளத்தாக்கில்.

1871-ல் அபெர்கினோல்வினில் இருந்த குவாரித் தொழிலாளி உள்ளூர்க்காரராக இருக்கணும்னு கட்டாயமே இல்லை. பிரினெக்லுவிஸ் குவாரியை 1864-ல் லங்காஷயர் முதலாளிகள் குத்தகைக்கு எடுத்த பிறகுதான் அந்தக் கிராமமே வரிசை வீடுகளாக எழும்பியது. டாலிலின் ரயில் பாதையும் அந்த ஸ்லேட்டை இறக்கத்தான் போட்டாங்க. பாறை உடைக்கத் தெரிந்த ஆட்கள் மற்ற குவாரிப் பகுதிகளிலிருந்து வந்து சேர்ந்தாங்க.

அதனால் மூன்று வேலை செய்யுங்க. ஒன்று, 1871 தாளின் படத்தையே திறந்து பாருங்க; தட்டச்சு செய்த சுருக்கத்தை நம்பாதீங்க. பிறந்த இடக் கட்டத்தில் கணக்கெடுப்பாளர் மேல்வரியில் மாவட்டத்தின் பெயரை எழுதிவிட்டு, கீழே "டிட்டோ" என்பதை இரண்டெழுத்தில் சுருக்கிப் போட்டுக்கொண்டே போவார். உங்க ஜானுக்கு மேலே இருக்கிற வரி யாருடையது, அதில் எந்த மாவட்டம் என்று விரல் வைத்துப் பாருங்க. பக்கத்தின் முதல் வரியாக இருந்தால் முந்தைய பக்கத்தையும் திருப்புங்க. இரண்டு, இதே ஆளை 1851, 1861, 1881, 1891 நான்கிலும் பிடிங்க. ஒவ்வொரு முறையும் வேறு கணக்கெடுப்பாளர் எழுதியிருப்பார், ஒருத்தராவது ஊரை முழுசாக எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. மூன்று, பிள்ளைகள் பிறந்த இடத்தை மூத்த பிள்ளையிலிருந்து வரிசையாக எழுதுங்க. குடும்பம் வந்த வழி அதில் தெரிந்துவிடும்.

வயசுக் கணக்கையும் இறுக்கிப் போடுங்க. 1871 சென்சஸ் நாள் ஏப்ரல் 2. அன்றைக்கு 48 என்றால், 1822 ஏப்ரல் 3-லிருந்து 1823 ஏப்ரல் 2-க்குள் பிறந்திருக்கணும். வயசைச் சொன்னவர் இரண்டு வருஷம் அப்படி இப்படிச் சொல்லியிருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தால் 1820 முதல் 1825 வரை பார்த்தால் போதும். 1841-ல் தேடும்போது மட்டும் ஒன்றை மறக்காதீங்க: 15 வயசுக்கு மேற்பட்டவர்களின் வயசை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தாங்க. அந்த ஜூன் 6-ல் 18 வயசுப் பையன் 15 என்றுதான் இருப்பான். 18 போட்டுத் தேடினால் கிடைக்க மாட்டான்.

---

நெல்லிமரம் பதில்:

ஊர் விஷயம் மேலே சொன்னது சரி. பெயர் விஷயத்தை நான் சொல்கிறேன். தமிழர்களுக்கு இது சட்டென்று விளங்கும், ஏனென்றால் இது நம் இனிஷியல் முறைதான்.

பழைய வேல்ஸில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் மகனுக்குப் பின்பெயர். ரீஸின் மகன் "ஆப் ரீஸ்", ஹியூவின் மகன் "ஆப் ஹியூ", எவனின் மகன் "ஆப் எவன்". பிறகு அந்த ஒட்டு பெயரோடு ஒட்டிக்கொண்டு பிரைஸ், பியூ, பெவன் ஆனது. ஆங்கில வழக்கம் வந்த இடங்களில் கடைசியில் ஒரு 'ஸ்' சேர்ந்தது. ஜானின் மகன் ஜோன்ஸ், வில்லியமின் மகன் வில்லியம்ஸ். நிலக்கிழார் குடும்பங்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பெயரை நிலையாகப் பிடித்துக்கொண்டன. மெரியோனெத், கார்னாவன் மலைப்பகுதிக் குடியானவர்களிடம் பழைய வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. உங்கள் ஜான் பிறந்த 1822–23, மாறிக்கொண்டிருந்த காலத்தின் நடுவில் விழுகிறது.

இதன் விளைவைப் பாருங்கள். 1849-ல் தகப்பனார் "வில்லியம் ஜோன்ஸ்" என்று எழுதப்பட்டார். 1823-ல் குருவானவர் அவரையே "வில்லியம் ஜான்" என்று, 'ஸ்' இல்லாமல், எழுதியிருக்கலாம். அட்டவணை போட்டவர் குழந்தையின் குடும்பப் பெயரை "ஜான்" என்று எடுத்துக்கொள்வார். ஆக உங்கள் ஆள் அட்டவணையில் "ஜான் ஜான்" ஆகிவிடுவார். அல்லது அப்பா வில்லியம் என்பதால் பையன் 1841-ல் "ஜான் வில்லியம்ஸ்" என்று பதிவாகி, பிறகு ஜோன்ஸ் ஆகியிருக்கலாம். ஒரே வீட்டில் அண்ணன் ஜோன்ஸ், தம்பி வில்லியம்ஸ் என்று முடிந்த குடும்பங்களும் உண்டு.

ஆகவே தேடல் பெட்டியில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். குழந்தை ஜான், தகப்பன் வில்லியம், பாரிஷ், 1820–1825 என்று மட்டும் கொடுங்கள். வருகிற அத்தனை பேரையும் ஒரு தாளில் எழுதுங்கள். சின்ன பாரிஷ்தான், பட்டியல் கைக்குள் அடங்கும்.

பிறகு கழித்தல். ஒவ்வொரு ஜானாக எடுத்து, குழந்தையிலேயே இறந்தானா என்று அடக்கப் பதிவேட்டில் பாருங்கள். 1851-ல் வேறு மனைவியோடு வேறு ஊரில் இருக்கிறானா என்று பாருங்கள். "பொருந்துகிற ஒருவர் கிடைத்தார்" என்பது ஆதாரம் ஆகாது. மற்றவர்கள் பொருந்தவில்லை என்று காட்டினால்தான் ஆதாரம். இணையத்தில் கிடக்கும் வேல்ஸ் வம்சாவளி மரங்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் தடம் புரள்கின்றன என்று நினைக்கிறேன். முதலில் கிடைத்த ஜானை ஒட்டிவிட்டு மேலே ஏறிவிடுகிறார்கள்.

பெண்கள் பக்கம் இது நமக்கு உதவியாகவும் இருக்கும். பழைய வழக்கத்தில் மணமான பெண் தன் அப்பா பெயரையே வைத்துக்கொள்வாள். அடக்கப் பதிவிலோ கல்லறையிலோ கணவனுக்கு ஒரு பெயரும் மனைவிக்கு வேறு பெயருமாக இருந்தால் தவறு என்று ஒதுக்காதீர்கள். அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர் இனாமாகக் கிடைத்திருக்கிறது. முதற்பெயர்களும் இரண்டு மொழியில் உலவும். கேத்தரின் வீட்டில் கேட்ரின், லாரா என்பது லௌரி, ஜேன் என்பது ஷான், மார்கரெட் என்பது மார்கெட். எல்லா வடிவத்திலும் தேடுங்கள்.

---

ஏட்டுக்குருவி பதில்:

நெல்லிமரம் சொன்ன கழித்தலுக்கு ஒரு கைப்பிடி வேணும். அது வீட்டுப் பெயர்.

நூறு ஜான் ஜோன்ஸ் இருக்கிற ஊரில் ஜனங்க ஒருத்தரையொருத்தர் எப்படி அடையாளம் சொல்லியிருப்பாங்க? பண்ணைப் பெயர் சொல்லித்தான். "டீ மாவர் ஜான்" என்றால் பெரிய வீட்டு ஜான். பதிவேடுகளும் அதையே செய்யுது. 1813 ஜனவரி 1 முதல் அச்சடித்த படிவம் வந்தது; ஞானஸ்நானப் பக்கத்துக்கு எட்டுப் பதிவு. ஒவ்வொன்றிலும் நாள், குழந்தை பெயர், பெற்றோரின் முதற்பெயர், குடும்பப் பெயர், வசிப்பிடம், தொழில், கொடுத்த குருவானவர். வசிப்பிடக் கட்டத்தில் பெரும்பாலும் பண்ணை அல்லது குடிசையின் பெயர் இருக்கும். அடக்கப் பதிவும் பக்கத்துக்கு எட்டு. அதில் உறவுமுறை இருக்காது, வீடும் வயசும் இருக்கும். அட்டவணைகளில் இந்த வீட்டுப் பெயர் பல சமயம் விடுபட்டிருக்கும். அதனால் படத்தைப் பார்த்தே ஆகணும்.

ஒரு தாளில் வீடு வாரியாகக் கோடு போட்டுக்குங்க. இடது ஓரத்தில் வீட்டுப் பெயர், மேலே வருஷம். 1823 ஞானஸ்நானத்தில் அந்த வீட்டில் யார், 1825-ல் அடுத்த குழந்தை, 1841 சென்சஸில் யார், 1851-ல் யார். குடும்பம் வீட்டோடு நகர்வதை அதில் கண்ணால் பார்க்கலாம். கூலிக்காரக் குடும்பம் அடிக்கடி வீடு மாறும். அப்பவும் ஒரே தாய் தகப்பன் பெயர்ஜோடி வரிசையாக வந்தால் பின்தொடர முடியும்.

1841-க்கும் 1851-க்கும் நடுவில் இன்னொரு சாட்சி இருக்கு: தசமபாக வரைபடம், அதாவது கோயிலுக்குக் கட்டும் பத்தில் ஒரு பங்கைக் கணக்கிட வரைந்த நில வரைபடம். 1836 சட்டத்துக்குப் பிறகு வேல்ஸின் பாரிஷ்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வரைந்தாங்க. கூடவே ஒரு அட்டவணை: நில உரிமையாளர், குடியிருப்பவர், எண், வயல் பெயர், ஏக்கர் கணக்கு. வேல்ஸ் தேசிய நூலகம் இதை "ப்ளேசஸ் ஆஃப் வேல்ஸ்" தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கு. பண்ணைப் பெயரைக் கொடுத்தால் குடியிருந்தவர் பெயரும் வயலும் வரும். பெயர்க் கடைசியில் "இகாவ்" என்றால் மேல், "இசாவ்" என்றால் கீழ். மேல்வீட்டு வில்லியமும் கீழ்வீட்டு வில்லியமும் இரண்டு பேர். இதைக் கோட்டை விட்டால் எல்லாம் போச்சு.

---

மலைக்கல் பதில்:

கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் என்ற ஒரு வரியை யாரும் பிடிக்கவில்லையே. அது பெரிய குறிப்பு.

1851 மார்ச் 30-ல் எடுத்த மத சென்சஸில், வேல்ஸில் அன்று ஆராதனைக்குப் போனவர்களில் பெரும்பான்மையினர் ஆங்கிலிக்கன் கோயிலுக்குப் போகவில்லை, சேப்பலுக்குத்தான், அதாவது ஆங்கிலிக்கன் அல்லாத சபைகளின் ஜெபக்கூடத்துக்குத்தான், போனார்கள். அந்தச் சபைகள்: கால்வினிஸ்டிக் மெதடிஸ்டுகள், இண்டிபெண்டன்ட்கள், பாப்டிஸ்டுகள், வெஸ்லியர்கள். 1754 மார்ச் 25 முதல் 1837 ஜூன் முடிய, குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லோருக்கும் கல்யாணம் பாரிஷ் கோயிலில்தான் செல்லும். 1837 ஜூலைக்குப் பிறகு அந்தக் கட்டாயம் போனது. சேப்பல்காரர்கள் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கும் பதிவு பெற்ற சேப்பலுக்கும் போனார்கள். ஆகவே உங்கள் ஜானின் வீட்டார் சேப்பல்காரர்களாக இருக்க நல்ல வாய்ப்பு. அப்படியானால் ஞானஸ்நானம் பாரிஷ் ஏட்டில் இருக்கவே இருக்காது. ஏடு தொலையவும் இல்லை, நீங்கள் தேடியது தப்பும் இல்லை.

1837-லும் பிறகு 1857-லும் சேப்பல்கள் தங்கள் பதிவேடுகளை அரசிடம் ஒப்படைத்தன. அவை லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 4, ஆர்ஜி 8 என்ற வரிசைகளில் இருக்கின்றன. படங்கள் கட்டணத் தளங்களில் கிடைக்கும். தேடும்போது கவனிக்க வேண்டியது: ஒரு போதகர் ஐந்தாறு சேப்பல்களைச் சுற்றி வருவார், ஆனால் பதிவேடு ஒன்றுதான் வைத்திருப்பார். அது ஏதோ ஒரு சேப்பலின் பெயரில், பக்கத்து பாரிஷின் கீழ் அட்டவணையாகி இருக்கும். பாரிஷ் பெயரைப் போட்டு வடிகட்டினால் தப்பிவிடும். மாவட்டத்தை மட்டும் போட்டுத் தேடுங்கள். சில ஏடுகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் கிடைக்கும், பாரிஷ் ஏட்டில் அது அபூர்வம்.

பாப்டிஸ்ட் குடும்பம் என்றால் குழந்தை ஞானஸ்நானமே கிடையாது. வளர்ந்தபின் முழுக்கு. பிறந்த தேதிக்கு அதை நம்ப முடியாது.

அடக்கம் மட்டும் வேறு கதை. சேப்பல்காரர்களையும் பெரும்பாலும் பாரிஷ் கல்லறைத் தோட்டத்தில்தான் புதைத்தார்கள். ஆகவே அடக்கப் பதிவை எந்த நிலையிலும் விட்டுவிடாதீர்கள். கல்லறையில் வெல்ஷ் எழுத்துதான் இருக்கும். "எர் கோவ் அம்" என்றால் நினைவாக. "ஆ வீ வாரூ" என்றால் இறந்தார். எண்ணை அடுத்து "ம்லுயிட் ஓய்ட்" வந்தால் அது வயது. மாதப் பெயரில் ஏமாறுவது மெடியில். 'மே' போலத் தெரியும், அது செப்டம்பர். மே மாதம் மாய். கோர்ஃபென்னவ் ஜூலை, டாஹ்வெத் நவம்பர். "ஹெவிட்" என்ற சொல்லுக்குப் பிறகு வருவது அதே குழியில் உள்ள அடுத்த ஆள். பெரும்பாலும் மனைவி அல்லது பிள்ளை.

சேப்பல் ஆண்டறிக்கைகள், வெல்ஷ் பத்திரிகை இரங்கல் குறிப்புகள் இரண்டையும் பாருங்கள். தேசிய நூலகத்தின் வேல்ஸ் செய்தித்தாள் தளம் இலவசம், 1919 வரை உண்டு. அங்கேயும் வீட்டுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், ஜோன்ஸைப் போடாதீர்கள்.

---

கரிசல்காடு:

எல்லோருக்கும் நன்றி. 1871 படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜானின் வரியில் "டிட்டோ"தான் இருக்கிறது. மேல்வரி மனைவியுடையது அல்ல; பக்கத்து வீட்டுக் குடித்தனக்காரருடையது, அதில் கார்னாவன் என்று இருக்கிறது. 1881-ல் கார்னாவன், லான்விஹாங்கல் என்று மாவட்டத்தோடு எழுதியிருக்கிறார்கள். மூத்த பிள்ளை 1850-ல் அபெர்கினோல்வின் பக்கம்தான் பிறந்திருக்கிறது. அப்படியென்றால் கும் பென்னன்ட் பாரிஷ் என்று எடுத்துக்கொள்ளலாமா? பதிவேடு எங்கே இருக்கும்? 1813-க்கு முன்னால் போக முடியுமா?

---

நெல்லிமரம் பதில்:

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பென்சிலில் எழுதுங்கள். 1851-ம் 1861-ம் பார்த்தபின் மையால் எழுதலாம்.

மூத்த பிள்ளை 1850-ல் அங்கே பிறந்தது என்றால், ஜான் குவாரி பெரிதாவதற்கு முன்பே தெற்கே வந்துவிட்டார். எனவே 1841-ல் அவரைக் கார்னாவனில் பெற்றோர் வீட்டில் மட்டும் தேடாமல், இரண்டு மாவட்டத்திலும் பண்ணை வேலையாளாகவும் தேடுங்கள். 1841 தாளில் "இதே மாவட்டத்தில் பிறந்தவரா" என்று ஒரு கட்டம் உண்டு. மெரியோனெத்தில் 15 வயது ஜான் ஜோன்ஸ் அல்லது ஜான் வில்லியம்ஸ், அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று இருந்தால், அந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த பாரிஷ் பாங்கர் பேராயத்தைச் சேர்ந்தது. மூல ஏடுகளுக்குக் கார்னாவன் ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள், போகும் முன் திறந்திருக்கும் நாளை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஏட்டில் கிழிசலோ இடைவெளியோ இருந்தால் பேராயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல்கள் அபரிஸ்ட்வித் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. மூலமும் நகலும் இருந்தால் இரண்டையும் பாருங்கள். எழுத்தர் நகலெடுக்கும்போது வீட்டுப் பெயரைச் சேர்த்ததும் உண்டு, விட்டதும் உண்டு.

1813-க்கு முன் பதிவு சுருங்கிவிடும். "வில்லியம் ஜான் மகள் ஆன்" என்று ஒரே வரி, தாய் பெயர்கூட இல்லாமல் போகலாம். அங்கே மூன்று கைத்தடிகள். முதலாவது, திருமணப் பதிவு: 1754 முதல் அச்சுப் படிவத்தில் இரு தரப்பின் பாரிஷும் கையொப்பமோ கீறலோ சாட்சிகளும் இருக்கும். சாட்சிகளில் அண்ணன் தம்பி அடிக்கடி வருவார்கள். ஓலை வாசித்து (கோயிலில் முன்கூட்டியே அறிவித்து) நடந்ததா, உரிமம் பெற்று நடந்ததா என்று பாருங்கள். உரிமம் என்றால் அதற்கான உறுதிப் பத்திரம் தேசிய நூலகத்தில் இருக்கலாம். இரண்டாவது, 1858-க்கு முன் வேல்ஸ் திருச்சபை நீதிமன்றங்களில் நிரூபித்த உயில்கள். தேசிய நூலகத் தளத்தில் படத்தோடு இலவசம். கூலிக்காரர் உயில் எழுதியிருக்க மாட்டார், ஆனால் கல்யாணமாகாத பெரியப்பா எழுதியிருப்பார். உறவெல்லாம் அதில்தான் வெளியே வரும். மூன்றாவது, பாரிஷ் ஏழைநிதிக் கணக்கு. கூலிக் குடும்பத்துக்கு இதுதான் உயிலுக்குச் சமம்.

1752-க்கு முன்னால் போனால் ஆண்டு தொடங்கியது மார்ச் 25-ல். 1740 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால் நம் கணக்கில் 1741. இதைக் கவனிக்காமல் விட்டால் கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகத் தோன்றும்.

---

ஏட்டுக்குருவி பதில்:

ஒன்று சேர்க்கிறேன். பிறப்பு இறப்புச் சான்றுக்குப் பதிவு மாவட்டத்தைத் தேடும்போது பழைய மாவட்ட எல்லையை நம்பாதீங்க. மெரியோனெத்தில் இருக்கிற டவின் ஊர், மான்ட்கோமரியில் இருக்கிற மக்கின்லெத் பதிவு மாவட்டத்தின் கீழ் வந்தது. கும் பென்னன்ட் பக்கத்தையும் கார்னாவன் பெயரில் மட்டும் தேடாம, ஃபெஸ்டினியோக் பதிவு மாவட்டத்திலும் பாருங்க. உள்ளூர் பதிவாளர் அட்டவணையில் கிடைக்கும் எண் மத்தியப் பதிவு அலுவலகத்தில் செல்லாது. எங்கே எண் எடுத்தீங்களோ அங்கேயே சான்று கேட்கணும்.

அடுத்ததாக ஜானின் தகப்பனாரின் இறப்பைத் தேடுங்க. 1849 சான்றில் "இறந்துவிட்டார்" என்று போடலைன்னா உயிரோடு இருந்தார்னு அர்த்தம் இல்லை, எழுதுபவர் கேட்காமல் விட்டிருக்கலாம். 1837 முதல் 1851 வரை ஒரு முறையும், அதற்குப் பிறகு ஒரு முறையும் பாருங்க. வில்லியம் ஜோன்ஸ், வில்லியம் ஜான் இரண்டு பெயரிலும்.